வட சென்னையிலிருந்து மறுபடி படிக்கப் போகிறீர்களா? பல்கலைக்கழகமும் ஊரும் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

பதினேழு வயதில் கல்லூரி தேடும்போது மார்க்தான் பெரிய கேள்வி. முப்பத்தைந்து வயதில் தேடும்போது அந்த மார்க்கை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வாரத்தில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது, சான்றிதழ்கள் ஒழுங்காக இருக்கின்றனவா, பரீட்சை அன்று காலை ஒன்பதரைக்குள் போய்ச் சேர முடியுமா, இவைதான் முடிவு செய்கின்றன. பாடம் புரியாமல் படிப்பை விடுகிறவர்கள் கம்மி. ஷிப்ட் மாறி வகுப்பு போய்விடும், அசைன்மென்ட் தேதி தாண்டிவிடும், பெயர் பொருந்தாமல் விண்ணப்பம் பாதியில் நிற்கும். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்வி கொஞ்சம் தள்ளித்தான் வருகிறது. அவசரப்பட்டு அதை முன்னால் இழுக்க வேண்டாம்.

பட்டம் எதற்கு?

ஒரு தாளில் ஒரே வரியாக எழுதுங்கள். பதவி உயர்வா, டி.என்.பி.எஸ்.சி.யா, வக்கீலா, டீச்சரா, அல்லது விட்ட படிப்பை முடித்தே தீர வேண்டும் என்ற ஆசையா? கடைசிக் காரணம் என்றால் உங்களுக்கு முழுச் சுதந்திரம். மற்றவற்றுக்கு விதிகள் உண்டு, அவை பாதி ஊர்களையும் பாதிப் படிப்புகளையும் தாமாகவே கழித்துவிடும்.

எல்.எல்.பி. தொலைதூரத்தில் கிடையாது. தபாலில் சட்டப் படிப்பு என்று யார் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். பார் கவுன்சில் விதிப்படி வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும். வருகைப் பதிவு 70 சதவீதம் வேண்டும். வேலை முடிந்து ராத்திரி போய்ப் படிக்கும் சட்டக் கல்லூரி என்று ஒன்று இப்போது இல்லை. பாரிமுனையில் ஐகோர்ட்டை ஒட்டி இருந்த டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியும் 2018இல் ஊரை விட்டுப் போய்விட்டது. ஒன்று செங்கல்பட்டு மாவட்டத்துப் புதுப்பாக்கத்தில், இன்னொன்று திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டறைப்பெரும்புதூரில் இருக்கிறது. பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்களுக்குத் திருவள்ளூர் மார்க்கத்து மின்சார ரயில் வாசலில் இருக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்கு இரண்டுமே தூரம்தான்.

பி.எட். இரண்டு ஆண்டு, நேரடி வகுப்பு. தொலைதூர பி.எட். என்று ஒன்று உண்டு, ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும். பொறியியல், நர்சிங், பிசியோதெரபி, பார்மசி எதுவும் தொலைதூரத்தில் செல்லாது. உளவியலும் ஊட்டச்சத்துப் படிப்பும் 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நிறுத்தப்பட்டுவிட்டன. குழந்தைகள் கொஞ்சம் பெரிதானதும் கவுன்சிலிங் படிக்கலாம் என்று இருக்கும் அம்மாக்கள் பலர் இந்த மாற்றம் தெரியாமல் பழைய விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள்.

பதவி உயர்வுக்கு என்றால் எச்.ஆரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். தொலைதூரப் பட்டம் ஏற்பீர்களா, எந்தப் பாடம் வேண்டும் என்று மெயில் போட்டு, பதிலை எடுத்து வையுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிகள் அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டத்தை நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்கின்றன. ஆனால் தனியார் கம்பெனி தன் சொந்த விதியில் ரெகுலர்தான் வேண்டும் என்று எழுதி வைத்திருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அரசு ஊழியர்கள் சேர்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். முடித்த பிறகு போய்க் கேட்டால் பணிப் பதிவேட்டில் ஏற்ற அலைய விடுவார்கள்.

பத்து, பன்னிரண்டு, பிறகுதான் பட்டம்

நடுவயதில் படிக்கிறவர்களுக்கு விழும் அடிகளில் பெரியது இதுதான். பத்தாவது முடித்து வேலைக்குப் போனவர்களிடம், பிளஸ் டூ இல்லாமலே டிகிரி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் அப்படி ஒரு வழி உண்மையிலேயே உண்டு: ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு பி.ஏ. சேரலாம். பட்டமும் உண்மையான பட்டம்தான். ஆனால் தமிழ்நாடு அரசு வேலைக்கு அது உதவாது. 2009இல் வந்த அரசாணைப்படி பத்தாவது, பிளஸ் டூ, பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கைகளிலும் இது தெளிவாக வரும். மூன்றாண்டு எல்.எல்.பி.க்கும் இதே கதி.

ஆகவே பிளஸ் டூ இல்லாதவர் முதலில் பிளஸ் டூவை முடியுங்கள். தேர்வுத் துறை வழியாகத் தனித்தேர்வராக எழுதலாம், அல்லது தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம். காலம் கூடத்தான் ஆகும். ஆனால் மூன்று வருடம் படித்து வாங்கிய பட்டத்தை அரசு வேலைக்குக் காட்ட முடியாமல் வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். பத்தாவதுக்குப் பிறகு டிப்ளமோ முடித்தவர்கள், தாங்கள் குறிவைக்கும் வேலையின் அறிவிக்கையை எடுத்துக் கல்வித்தகுதிப் பகுதியை வரிவரியாகப் படித்துவிட்டு அடுத்த படியை எடுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டை நம்பிப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். மெட்ரிக்குலேஷனில் ஆங்கிலவழியில் படித்துவிட்டு இந்த ஒதுக்கீட்டுக்காக மட்டும் தமிழ்வழி பி.ஏ. தேர்ந்தெடுப்பதில் பலன் இல்லை.

இனிஷியல், ஆதார், டி.சி.

சேர்க்கை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பாகவே இந்த வேலையை முடியுங்கள். இப்போது தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ சேர வேண்டுமானால் டி.இ.பி. ஐ.டி. (மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தில் எடுக்கும் மாணவர் எண்) கட்டாயம். அதை எடுக்க ஏ.பி.சி. ஐ.டி. (படித்து வாங்கும் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்) வேண்டும். அதை டிஜிலாக்கரில் எடுக்க ஆதார் வேண்டும், ஆதாரோடு இணைந்த மொபைல் எண் வேண்டும். இந்தச் சங்கிலி பெரும்பாலும் கடைசிக் கண்ணியில் அறுகிறது. ஆதார் எடுத்த காலத்தில் கொடுத்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கும், ஓ.டி.பி. அவருக்குப் போய்விடும். முதல் வேலையாக ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றுங்கள்.

அடுத்தது பெயர். பத்தாவது மார்க் ஷீட்டில் ‘எஸ். லட்சுமி’ என்று இருக்கும், எஸ் அப்பா பெயர். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் ‘லட்சுமி குமார்’ என்று புருஷன் பெயரோடு இருக்கும். கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். ஆண்களுக்கும் இதே தொல்லை வேறு விதத்தில் வரும்: மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர். பொதுவாக மார்க் ஷீட்டை அப்படியே விட்டுவிட்டு ஆதாரை அதற்கு ஏற்றபடி மாற்றுவதுதான் சுலபம். இருபது வருடத்துக்கு முந்தைய மார்க் ஷீட்டைத் திருத்துவது என்பது தனி யுத்தம். ஆனால் ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். பான், வங்கிக் கணக்கு, பி.எஃப். எல்லாம் எந்தப் பெயரில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்து, எந்த வடிவத்தில் கடைசிவரை நிற்கப் போகிறீர்கள் என்று தீர்மானித்த பிறகே கை வையுங்கள். பெயரே முழுதாக மாறியிருந்தால் அரசிதழில் வெளியிட்டு அந்தப் பிரதியை வைத்திருக்க வேண்டும்.

டி.சி. தொலைந்திருக்கும், அல்லது இடையில் ஒரு கல்லூரியில் கொடுத்துவிட்டுப் படிப்பை நிறுத்தியிருப்பீர்கள். இரண்டாவது ரகத்தினர் அந்தக் கல்லூரிக்கே போய், பாக்கி ஏதாவது இருந்தால் கட்டி, டி.சி.யை வாங்க வேண்டும். மார்க் ஷீட் தொலைந்தவர்கள் காவல் துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்து, தாசில்தாரிடம் சான்று வாங்கி, படித்த பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெள்ளத்தில் பீரோவோடு நனைந்து எழுத்து கலைந்துபோன மார்க் ஷீட் என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிழிந்த துண்டில் பதிவெண் தெரிந்தாலே வேலை பாதியாகிவிடும்.

வேறு வாரியத்தில், வேறு மாநிலத்தில் படித்தவர்களுக்கு மைக்ரேஷன் சான்றிதழும், சில இடங்களில் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்பதற்கு நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரமும் கேட்பார்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனிலும் மெயிலிலும் வையுங்கள்.

ஒரிஜினல்களைக் கல்லூரி சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு உத்தரவு. டி.சி. இதில் சேராது, அது கல்லூரியிடமே இருக்கும்.

வாரத்தில் எத்தனை மணி நேரம்?

இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் வருடத்துக்கு 40 கிரெடிட், அதாவது 1,200 மணி நேரம். வாரத்துக்கு 23 மணி நேரம் வருகிறது. நடைமுறையில் இவ்வளவு தேவைப்படாத பாடங்களும் உண்டு, ஆனால் கணக்குப் பாடம், அக்கவுன்ட்ஸ் எல்லாம் இதைத் தின்றுவிடும்.

இப்போது உங்கள் வாரத்தைப் பாருங்கள். எண்ணூர், மணலிப் பக்கத் தொழிற்சாலைகளில் ஏ, பி, சி என்று ஷிப்ட் சுற்றுகிறவருக்கு சி ஷிப்ட் வாரத்தில் படிப்பு ஓடாது, தூக்கம்தான் ஓடும். ஏ ஷிப்டில் தினம் இரண்டு மணி நேரம், ஞாயிறு நாலு மணி நேரம் என்று வைத்தால் சராசரியாக வாரம் 12 மணி நேரம் தேறினாலே அதிகம். வருடத்துக்கு 624 மணி நேரம், கிட்டத்தட்ட 20 கிரெடிட். அப்படியானால் இது உங்களுக்கு ஆறு வருடப் படிப்பு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை: இக்னோ பட்டப் படிப்புக்குக் கொடுக்கும் உச்சகாலமே ஆறு வருடம்தான். வேறு பல்கலைக்கழகத்தில் சேர்வதாக இருந்தால் சேர்க்கைக் குறிப்பேட்டில் (பிராஸ்பெக்டஸில்) முதலில் தேட வேண்டியது உச்சகாலம் எத்தனை வருடம், அது தாண்டினால் மறுபதிவுக்கு என்ன வழி என்பது. ஒவ்வொரு செமஸ்டரிலும் எத்தனை தாள் எழுதுவது என்பதை நாமே தீர்மானிக்க விடும் இடம் ஷிப்ட்காரர்களுக்கு வரப்பிரசாதம்.

தொலைதூரத்தில் பொதுவாக 30 மதிப்பெண் அசைன்மென்டுக்கு, 70 தேர்வுக்கு. அசைன்மென்டை விட்டவர்கள்தான் ஃபெயிலாகி அரியர் சுமக்கிறார்கள், தேர்வில் நன்றாக எழுதியும்கூட. சேர்ந்த அன்றே அசைன்மென்ட் கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள்.

ரெகுலர் கல்லூரியை யோசிப்பவர்கள் இரண்டாம் ஷிப்ட் என்பதை மாலைக் கல்லூரி என்று நினைத்துவிட வேண்டாம். அது மதியம் தொடங்கிச் சாயங்காலத்தோடு முடிந்துவிடும். காலை வேலைக்காரர்களுக்குத் துளியும் உதவாது. இரவு வேலை பார்க்கிறவர்களுக்கும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் வீடு திரும்ப வேண்டியவர்களுக்கும் முதல் ஷிப்ட் சரிவரலாம். வருகைப் பதிவு 75 சதவீதம் என்பதையும் கணக்கில் வையுங்கள். அரசு கலைக் கல்லூரிகளில் இளங்கலைக்கு வயது வரம்பு உண்டு, பிரிவுக்கும் பாலினத்துக்கும் ஏற்பத் தளர்வும் உண்டு. அந்த ஆண்டுக் குறிப்பேட்டில் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள்.

நம் பக்கத்திலிருந்து போகக்கூடிய இடங்கள்

இங்கேதான் வட சென்னைக்காரர்கள் மற்ற சென்னைக்காரர்களிடமிருந்து வேறுபடுகிறார்கள். வரைபடத்தில் பக்கம் என்பது வேறு, நம் பக்கத்து வழி என்பது வேறு. விம்கோ நகரிலிருந்து வரும் நீல வழித்தட மெட்ரோவை ஒட்டி இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. வியாசர்பாடி, கொளத்தூர், மாதவரத்துக்காரர்களுக்கு வேறு கணக்கு.

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சைதாப்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. நீல வழித்தடத்தில் வண்டி மாறாமல் போகலாம், திருவொற்றியூரிலிருந்து முக்கால் மணி நேரத்தை ஒட்டி ஆகும். தமிழ்வழிப் புத்தகங்களும் கிடைக்கும். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதத் தயங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வி நிறுவனம். பெயருக்கு மதிப்பு உண்டு, 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகம். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, வாலாஜா சாலை வழியாகக் கடற்கரைப் பக்கம் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும். வெயிலில் நடக்கிற தூரமில்லை. பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் வருகிறவர்கள் அங்கே பறக்கும் ரயில் மாறி சேப்பாக்கத்தில் இறங்கலாம்.

இக்னோவில் சேர்க்கை ஜூலை, ஜனவரி என்று வருடத்துக்கு இரண்டு முறை. தேர்வு ஜூன், டிசம்பரில். கற்கும் மையத்தை விண்ணப்பத்தில் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் முதலில் வருவதைக் கிளிக் செய்துவிட்டு அது தாம்பரத்தில் இருக்கிறது என்று பிறகு தலையில் கை வைப்பவர்கள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் டேட்டா சயன்ஸ் பி.எஸ். படிப்புக்கு வயது வரம்பு கிடையாது. நாலு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம். வகுப்பு ஆன்லைனில், தேர்வு நேரில். வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் கணக்கும் ஆங்கிலமும் பிடி கொடுக்க வேண்டும். விளையாட்டாகச் சேர்கிற படிப்பு அல்ல.

நேரடி வகுப்புக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி (மெட்ரோ நிலையமே அந்தப் பெயரில் இருக்கிறது), பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி. பட்டச் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் என்றுதான் வரும். மெரினாவில் படித்தால்தான் அந்தப் பெயர் கிடைக்கும் என்பதில்லை.

இடத்தை முடிவு செய்யும் முன் வகுப்பு நேரத்துக்கே ஒரு முறை போய் வாருங்கள், வேலை நாளில். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்ப் பார்த்து இருபது நிமிஷம் என்று நம்பினால், திங்கட்கிழமை எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும்போது உண்மை தெரியும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் அதற்கு ஒரு நேரம் தனியாக ஒதுக்க வேண்டும். இன்னொரு விஷயம், நவம்பர்-டிசம்பர் செமஸ்டர் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே சமயத்தில் வரும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால் அந்த வழி அடைபடும். ஆகவே தேர்வு மையம் கேட்கும்போது சுரங்கப்பாதையைத் தாண்டாமல், மெட்ரோவிலோ ரயிலிலோ போகக்கூடிய மையத்தைக் கேளுங்கள். மாதவரத்திலிருந்து வரப்போகும் இரண்டாம் கட்ட மெட்ரோவை வைத்து இப்போது கணக்குப் போட வேண்டாம். ஓடத் தொடங்கியதும் பார்த்துக்கொள்ளலாம்.

பயணச் செலவு பெரிய தலைவலி இல்லை. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். மற்றவர்களுக்கு மாநகரப் பஸ்ஸில் ஏ.சி. இல்லாத வண்டிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் பாஸ் இருக்கிறது. வாரம் ஒரு நாள் போகிறவருக்கு அது நஷ்டம், தினம் போகிறவருக்கு லாபம்.

வெளியூர் போவதென்றால்

பெரும்பாலோருக்கு எங்கள் பரிந்துரை, இளங்கலையை உள்ளூரில் முடித்துவிட்டு முதுகலைக்கோ ஆராய்ச்சிக்கோ வெளியூரை யோசியுங்கள் என்பதுதான். வேலையை விட்டு, வீட்டை விட்டு மூன்று வருடம் போவது வேறு, இரண்டு வருடம் போவது வேறு. அப்படியும் போவதென்றால் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும் ஊரும் வளாகம் இருக்கும் இடமும் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஊரோடு ஒட்டியே இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கினால் பக்கம். காரைக்குடியில் அழகப்பாவும் அப்படியே. ஆனால் திருச்சியின் பாரதிதாசன் வளாகம் புதுக்கோட்டைச் சாலையில் ஊருக்கு வெளியே வெகு தூரம். கோவையின் பாரதியார் மருதமலை அடிவாரத்துப் பக்கம். நெல்லையின் மனோன்மணியம் சுந்தரனார் அபிஷேகப்பட்டியில். வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் சேர்க்காட்டில். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் நீலக்குடியில். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலை மேலேயே இருப்பதால் சென்னையிலிருந்து வருகிறவருக்கு ஊருக்குள் போகாமலே இறங்கிக்கொள்ளலாம். வளாகம் ஒதுக்குப்புறமாக இருந்தால் பகுதிநேர வேலை கிடைப்பது கடினம், கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும், வாடகை வீடு எடுத்தால் வண்டி வேண்டும். கையில் சேமிப்பு இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவருக்குக் கோவை மாதிரித் தொழில் உள்ள ஊர் தோது. சேமிப்போடு போய்ப் புத்தகமும் கையுமாக உட்கார நினைப்பவருக்குச் சிதம்பரம், காரைக்குடி. செலவும் குறைவு, கவனத்தைக் கலைப்பதும் குறைவு.

சென்னைக்குத் திரும்பி வரும் வழி இதைவிட முக்கியம், ஏனென்றால் வீட்டில் ஒன்று என்றால் ஓடி வர வேண்டியவர் நீங்கள்தான். கோவை, சேலம், காட்பாடி, திருப்பதி ரயில்கள் சென்ட்ரலுக்கு வரும், அங்கிருந்து திருவொற்றியூருக்கு நேர் மெட்ரோ. சில வண்டிகள் பெரம்பூரிலேயே நிற்கும். சிதம்பரம், திருச்சி, காரைக்குடி, மதுரை எல்லாம் எழும்பூர். சென்ட்ரலில் ஒரு தடவை வண்டி மாற வேண்டும். தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்தால் இறங்குவது கிளாம்பாக்கத்தில், அங்கிருந்து திருவொற்றியூர் வந்து சேர ஊருக்குள்ளேயே இரண்டு மணி நேரம் போய்விடும். ஆகவே இரவு ரயில் இருக்கும் ஊரை, பஸ் மட்டும் இருக்கும் ஊரைவிட மேலாக வையுங்கள்.

திருப்பதி பக்கம்தானே, மாதவரத்தில் பஸ் ஏறினால் போதுமே என்று ராயபுரம், வண்ணாரப்பேட்டைத் தெலுங்குக் குடும்பங்களில் ஒரு யோசனை வரும். தூரம் பிரச்சினை இல்லை. ஆனால் ஆந்திரப் பல்கலைக்கழகங்களில் 85 சதவீத இடம் உள்ளூர்க்காரர்களுக்கு. மிச்சத்தில்தான் நீங்கள் போட்டி போட வேண்டும்.

விடுதியைப் பற்றி எழுத்தில் கேட்க வேண்டியவை: வயது வரம்பு உண்டா, ராத்திரி கேட் எப்போது மூடுவார்கள், ஒற்றை அறை கிடைக்குமா, வீட்டார் வந்தால் தங்க முடியுமா. பெரும்பாலான விடுதி விதிகள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியவை. நாற்பது வயதுக்காரர் வெளியே போக வார்டனிடம் அவுட் பாஸ் எழுதி நிற்பது சிலருக்கு ஒத்துவரும், சிலருக்கு ஒத்துவராது. ஒத்துவராதவர் வளாகத்துக்கு நடக்கும் தூரத்தில் அறை பார்ப்பது நல்லது.

வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரமாகச் சேர்ந்து இங்கிருந்தே படிக்க நினைப்பவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்: தேர்வு மையம் சென்னையில் உண்டா, இந்தப் பாடத்துக்கு, இந்த வருடம்? இல்லையென்றால் செமஸ்டருக்கு ஐந்து தாள், ஒருநாள் விட்டு ஒருநாள் தேர்வு என்றால் பத்து நாள் லீவும் லாட்ஜ் வாடகையும் கட்டணத்தோடு சேர்த்துக் கூட்டுங்கள்.

பணம் கட்டும் முன்

மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டியல் வைத்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் பாடமும், ஆண்டும், ஜூலையா ஜனவரியா என்ற சேர்க்கைப் பருவமும் இருக்க வேண்டும். அங்கீகாரம் படிப்புக்குப் படிப்பு, பருவத்துக்குப் பருவம் வேறுபடும். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள். பின்னால் வேலைக்குப் போகும்போது காட்ட அது உதவும்.

மின்கம்பத்திலும் பஸ் ஸ்டாப்பிலும் ‘ஒரே வருடத்தில் டிகிரி’, ‘பழைய தேதியில் சேர்க்கை’ என்று ஒட்டியிருப்பதெல்லாம் கம்பி எண்ண வைக்கிற வேலை. மூன்றாண்டுப் பட்டத்தை ஒரு வருடத்தில் கொடுக்க எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அதிகாரம் இல்லை. தெருமுனை ‘ஸ்டடி சென்டர்’ விண்ணப்பத்தை நிரப்பித் தரலாம், ஆனால் கட்டணத்தை அவர்கள் ஜி.பே.க்கு அனுப்பாதீர்கள். பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில், உங்கள் கார்டில், உங்கள் மொபைலுக்கு ரசீது வரும்படி கட்டுங்கள். விண்ணப்பத்தில் அவர்கள் மெயில் ஐ.டி.யையும் போன் எண்ணையும் போட்டுவிட்டால் ஹால் டிக்கெட்டுக்கு ஒவ்வொரு முறையும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ‘சர்வீஸ் சார்ஜ்’.

மொத்தச் செலவைப் போடும்போது கல்விக் கட்டணத்தோடு தேர்வுக் கட்டணம், அரியர் வந்தால் மறுபடி தேர்வுக் கட்டணம், மார்க் ஷீட், புரொவிஷனல், பட்டமளிப்புக் கட்டணம், தேர்வு நாட்களின் சம்பள இழப்பு எல்லாம் சேருங்கள். கடன் தேவைப்பட்டால் 4 லட்சம் வரை ஜாமீன் சொத்து கேட்காத கல்விக் கடன் உண்டு. ஆனால் தொலைதூர இளங்கலைக்குக் கடன் வாங்கும் அளவுக்குக் கட்டணம் வராது, வாங்காமல் இருப்பதே நல்லது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைகள் தொலைதூரத்தில் படிக்கிறவர்களுக்குப் பொருந்தாது.

சேர்ந்த பிறகு மனம் மாறினால் பணம் திரும்பி வருமா என்றால், மானியக் குழுவின் 2018 அறிவிப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் முழுத் தொகை, அதற்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆகவே சேர்ந்த கையோடு இரண்டு கான்டாக்ட் கிளாஸ் போய்ப் பாருங்கள். ஷிப்டோடு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் அந்த முப்பது நாளுக்குள் எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்து, சீல் வைத்த நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஜனவரி சேர்க்கையில் வேறு இடத்தில் சேர அதே டி.சி.யும் அதே ஏ.பி.சி. ஐ.டி.யும் வேண்டியிருக்கும். டி.சி.யைக் கையில் வாங்காமல் அலுவலகத்தை விட்டுக் கிளம்ப வேண்டாம்.